அப்பால யாரு?

"நான் கீற வரிக்கும் பாத்துக்குவேன். அப்பால யாரு?"

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரையில் எந்த ஊரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அறிவுசார் குறைபாடுள்ள, வளர்ந்த மகனோ மகளோ இருக்கும் வீட்டில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். உருது பேசுகிற வீட்டில் உருதுவில் வரும், தெலுங்கு வீட்டில் தெலுங்கில் வரும். கேட்பவர் பெரும்பாலும் அம்மா. அவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும், மகனுக்கு முப்பத்தைந்து இருக்கும். கொஞ்சம் பழகிவிட்டால் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொல்வார்: "எனக்கு முன்னாடி அவன் போய்ச் சேர்ந்துட்டா நிம்மதி."

பெற்ற பிள்ளை தனக்கு முன்னால் சாக வேண்டும் என்று ஒரு தாய் கடவுளிடம் கேட்கிறாள். நாம் இதைத் தாய்ப்பாசத்தின் உச்சம் என்று சொல்லிக் கண்கலங்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறோம். எனக்கு இது ஒரு புகார் மனுவாகத்தான் கேட்கிறது. கடவுள் விலாசத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் மனு. போக வேண்டிய விலாசம் கலெக்டர் ஆபீஸ்.

யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். மனநோய் வேறு, இது வேறு. மனநோய் இடையில் வருவது, மருந்துக்குக் கட்டுப்படுவது. அறிவுசார் குறைபாடு பிறப்பிலேயோ சிறுவயதிலேயோ வந்து ஆயுள் முழுக்கக் கூட இருப்பது. கற்றுக்கொள்ள நேரம் பிடிக்கும், பணக்கணக்கு பிடிபடாது, சிலருக்குப் பேச்சு வராது, சிலருக்குக் குளிக்கவும் ஆள் துணை வேண்டும். முன்பு 'மனவளர்ச்சி குன்றியோர்' என்றார்கள். 2010க்குப் பிறகு எல்லோரையும் சேர்த்து 'மாற்றுத்திறனாளிகள்' என்கிறோம். எங்கள் பக்கத்தில் ஜனங்கள் சொல்வது 'பச்சப் புள்ள மாரி'. அன்பாகச் சொல்கிற வார்த்தைதான். ஆனால் எல்லாக் கோளாறும் இந்த வார்த்தையில்தான் தொடங்குகிறது. நாற்பது வயது ஆளைப் பச்சைப்பிள்ளை என்று சொல்லிவிட்டால் அவனிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை. எந்தச் சட்டை, என்ன சாப்பாடு, யாரோடு இருக்க விருப்பம், எதுவும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இப்படிப் பதிவானவர்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். அது வீட்டு வாசலில் வந்து கேட்டவரிடம் வீட்டார் சொல்ல ஒப்புக்கொண்ட கணக்கு.

குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் நமது நிரந்தரப் பதில். இந்தப் பதிலுக்கு வேலூரில் ஒரு கௌரவமான வரலாறே இருக்கிறது. 1957ல் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் தொடங்கியபோது, நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். உயர்ந்த மதிலும் பூட்டிய கதவும்தான் மனநல மருத்துவம் என்றிருந்த காலத்தில் அது பெரிய காரியம். பின்னாளில் அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்காக வந்த நம்பிக்கை நிலையத்திலும் அதே வழிதான்: பிள்ளைக்குப் பயிற்சி, கூடவே பெற்றோருக்கும் பயிற்சி. இதையெல்லாம் குறை சொல்ல நான் வரவில்லை. பூட்டி வைப்பதற்கு எதிராகச் சொல்லப்பட்ட ஒரு நல்ல வழியை, எதுவுமே செய்யாமலிருப்பதற்கான சாக்காக அரசும் ஊரும் மாற்றிக்கொண்டதுதான் என் புகார்.

அந்த வழி உருவான காலத்துக் கணக்கும் வேறு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 1983ல் அவர்களின் சராசரி ஆயுள் இருபத்தைந்து. இன்றைக்கு அறுபது. இதயத்தில் ஓட்டை இருந்தால் அறுவை சிகிச்சை உண்டு, நுரையீரலில் சளி கட்டினால் மருந்து உண்டு. நம் ஊரிலும் இந்த மாற்றம் வந்துகொண்டுதான் இருக்கிறது. அன்றைக்கு அம்மாவின் ஆயுளுக்குள் மகனின் ஆயுள் முடிந்துவிட்டது. இப்போது முடிவதில்லை. மருத்துவம் அவனுக்கு முப்பது வருஷம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறது. அந்த முப்பது வருஷத்தை அவன் எங்கே, யாரோடு வாழ்வான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

யோசிக்காததன் விலையை அம்மாதான் கட்டுகிறாள். ஆம்பூரில் காலையில் ஷூ கம்பெனி பஸ்கள் வரிசையாகக் கிளம்பும். ஊர்ப் பெண்களில் பெரும்பகுதி அதில் ஏறிப் போகும். ஏற முடியாதவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து அப்பர் தைக்கிறார்கள். அப்பர் என்றால் திருநாவுக்கரசர் இல்லை, ஷூவின் மேல்பாகம். ஊசியும் மெழுகு நூலுமாக விரல் ஓட்டைபோட்டுக் கையால் தைப்பது. 2016ல் இந்த வீட்டுத் தையல்காரப் பெண்களைப் பற்றி வெளியான ஓர் ஆய்வு, ஜோடிக்குப் பத்து ரூபாய்க்கும் குறைவான கூலியைப் பதிவு செய்தது. கம்பெனிக்குள் போனால் பி.எஃப். உண்டு, இ.எஸ்.ஐ. உண்டு. வீட்டில் தைப்பவருக்கு எதுவும் கிடையாது. ஏன் கம்பெனிக்குப் போகவில்லை என்று கேட்டால் மாமியாருக்கு முடியவில்லை, குழந்தை சின்னது என்று பல காரணம் வரும். அவற்றில் ஒன்று, உள்ளறையில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும் முப்பத்தைந்து வயது மகன். அவன் பதினெட்டு வயது வரை சிறப்புப் பள்ளிக்குப் போனான். வேன் வந்தது, டீச்சர் வந்தார்கள், ஸ்பீச் தெரபி நடந்தது. பதினெட்டோடு வேன் நின்றுவிட்டது.

தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. நல்லது. இந்தியாவில் பல மாநிலங்களை விட இது மேல் என்பதும் உண்மை. உலக வங்கிக் கடனோடு நடக்கிற திட்டத்தில் 'விழுதுகள்' என்ற பெயரில் சேவை மையங்கள் திறக்கிறார்கள், தெரபி கிடைக்கிறது. அதுவும் நல்லதுதான். ஆனால் இவை எல்லாவற்றிலும் எழுதாமலே எழுதப்பட்ட ஒரு நிபந்தனை இருக்கிறது: வீட்டில் ஒரு அம்மா இருக்க வேண்டும். தெரபிக்கு அழைத்துவர அம்மா, பணத்தை எடுக்க அம்மா, ராத்திரி வலிப்பு வந்தால் அம்மா. அவள் செத்த மறுநாள் திட்டம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். "ஹோம்ல சேத்துடலாம்" என்பார்கள்.

சரி, ஹோமுக்குப் போவோம்.

மகன் பிறந்தநாளுக்கோ அப்பா திதிக்கோ மதியச் சாப்பாடு ஸ்பான்சர் செய்யப் பலர் இப்படிப்பட்ட இல்லங்களுக்குப் போயிருப்பீர்கள். அவர்களை வரிசையாக உட்கார வைத்திருப்பார்கள். ஒரு பாட்டுப் பாடுவார்கள், கை தட்டுவார்கள், பிரியாணி பரிமாறுவீர்கள், போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவீர்கள். நல்ல மனசோடு செய்வதுதான், சந்தேகமில்லை. ஆனால் அடுத்த தடவை போகும்போது இலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு வேறு சிலவற்றைப் பாருங்கள்.

தலைமுடியைப் பாருங்கள். ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி ஒட்ட வெட்டியிருந்தால், அது பேன் தொல்லைக்காகப் பராமரிப்பவரின் வசதிக்குச் செய்தது. பெண்கள் பகலிலும் நைட்டியிலேயே இருக்கிறார்களா? கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? துணி யாருடையது என்று கேளுங்கள். பல இடங்களில் சட்டைகளை மொத்தமாகத் துவைத்து, மொத்தமாகக் குவித்து, காலையில் கைக்கு வந்ததை மாட்டிவிடுவார்கள். நாற்பது வயது ஆளுக்குச் சொந்தமாக ஒரு சட்டைகூட இருக்காது. ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு? ஐந்தரைக்கு என்றால், சமையல்காரம்மா ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அர்த்தம். ஆறு மணிக்கு மேல் எல்லோரும் கண்டிப்பாகப் படுத்துவிட வேண்டும். படுக்காதவருக்கு மாத்திரை உண்டு. அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தது யார், எந்தத் தேதியில், கடைசியாக எப்போது மறுபடி பார்த்தார்கள்? கடைசியாக, வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பாருங்கள். தினமும் ஒருவர் பக்கத்தில் நின்று பல் தேய்க்க உதவுகிறாரா என்பது வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். சொல்லத் தெரியாதவருக்குப் பல்வலி வந்தால் தலையைச் சுவரில் மோதுவார். 'வயலன்ட்' என்று ரெஜிஸ்டரில் எழுதுவார்கள். மாத்திரை இன்னொன்று கூடும்.

இதில் எதையும் நான் கொடுமை என்று சொல்லவில்லை. இவை நடப்பது பெரும்பாலும் நல்லவர்கள் நடத்துகிற இடங்களில். ஐம்பது பேருக்கு நான்கு பேர் வேலை பார்த்தால் மதர் தெரசாவாக இருந்தாலும் முடியை ஒட்டத்தான் வெட்டுவார். கொடுமை என்பது இதற்கு அடுத்த படி. இங்கிருந்து அங்கே போக அதிக தூரமில்லை.

போன கதைகள் நமக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். அவர்கள் மனநோயாளிகள் என்று கொண்டுவந்து விடப்பட்டவர்கள். அதற்குப் பிறகு விசாரணைக் கமிஷன், உச்சநீதிமன்ற உத்தரவு, விதிகள் எல்லாம் வந்தன. இருபத்தியோரு வருஷம் கழித்து, 2023 பிப்ரவரியில், விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் அன்பு ஜோதி ஆசிரமம். உரிமம் இல்லாமல் பல வருஷம் நடந்திருக்கிறது. மனநோயாளிகள், அறிவுசார் குறைபாடுள்ளவர்கள், தெருவில் திரிந்த முதியவர்கள் என 140க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். பாலியல் வன்முறை, அடி உதை, ஆட்கள் காணாமல் போனது என்று குற்றச்சாட்டுகள் குவிந்தன, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. அது வெளியே வந்தது எப்படி என்பதுதான் முக்கியம். எந்த அதிகாரியும் சோதனைக்குப் போய்க் கண்டுபிடிக்கவில்லை. அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணோம் என்று ஆட்கொணர்வு மனு போடப்பட்டதால் வெளியே வந்தது. தேடுவதற்கு ஆள் இருந்த ஒருவரால், தேட ஆளில்லாத நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கண்ணில் பட்டார்கள்.

தனியார் நடத்துவதால் இப்படி, அரசே நடத்தினால் சரியாகும் என்பவர்கள் டெல்லியைப் பார்க்கலாம். ரோகிணியில் டெல்லி அரசே நடத்தும் ஆஷா கிரண் இல்லத்தில் 2024 ஜூலை ஒரே மாதத்தில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொள்ளளவுக்கு மிஞ்சி ஆட்களை அடைத்திருந்தார்கள். 1994ல் புனே பக்கம் ஷிரூர் அரசு இல்லத்தில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். நோய் ஒன்றும் இல்லை. மாதவிடாய் நாட்களில் சுத்தம் செய்வது சிரமமாக இருக்கிறது என்பதே சொல்லப்பட்ட காரணம். சரி, பணம் இருந்தால் சரியாகுமா? இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கம் விண்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில் ஒரு ஆளுக்கு வாரத்துக்குச் சராசரி 3,500 பவுண்டு அரசுப் பணம் போய்க்கொண்டிருந்தது. 2011ல் பி.பி.சி. ஒளித்துவைத்த கேமராவில், ஊழியர்கள் அந்த மனிதர்களைத் தரையில் அழுத்தி அடித்ததையும் உடையோடு குளிர்ந்த நீரில் நிற்க வைத்ததையும் நாடே பார்த்தது. அங்கே வேலை பார்த்த ஒரு நர்ஸ் அதற்கு முன்பே கண்காணிப்பு ஆணையத்துக்குப் புகார் எழுதியிருந்தார். ஆணையம் அசையவில்லை.

அப்படியானால் அன்பு? அன்புக்கும் ஒரு கதை இருக்கிறது. 1964ல் ஃபிரான்ஸில் ழான் வனியே தொடங்கிய லார்ஷ் இயக்கம், குறைபாடுள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே வீட்டில் குடும்பம் போல வாழ்வது என்ற கொள்கையோடு உலகம் முழுக்கப் பரவியது. பெங்களூரிலும் சென்னையிலும் 'ஆஷா நிகேதன்' என்ற பெயரில் வந்தது. அந்த வீடுகளில் பலர் நன்றாக வாழ்ந்திருக்கிறார்கள், வாழ்கிறார்கள். ஆனால் வனியே இறந்த மறுவருஷம், 2020ல், அந்த இயக்கமே ஏற்பாடு செய்த விசாரணை, ஆன்மிக வழிகாட்டல் என்ற பெயரில் அவர் குறைந்தது ஆறு பெண்களைப் பாலியல் ரீதியாகத் தவறாக நடத்தினார் என்று சொன்னது. அந்தப் பெண்கள் குறைபாடு உள்ளவர்கள் அல்ல. தன் நிறுவனரைப் பற்றித் தானே விசாரித்து உலகத்துக்குச் சொன்ன அந்த இயக்கத்துக்கு ஒரு கும்பிடு. நம் ஊர் 'ஐயா'க்களும் 'ஃபாதர்'களும் 'அம்மா'க்களும் நடத்தும் எந்த நிறுவனம் அப்படிச் செய்யும்?

அரசு, தனியார், பணம், அன்பு என்று எதை மாற்றினாலும் கோளாறு திரும்ப வருகிறதென்றால் அமைப்பில்தான் ஏதோ இருக்கிறது. நான் பார்த்தவரைக்கும் அது இதுதான்: இந்த இடங்களில் கூரையும் கையும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. தங்க இடம் கொடுப்பவரே சோறு போடுகிறார், மருந்து கொடுக்கிறார், உதவித்தொகையை வாங்கி வைக்கிறார், சில இடங்களில் சட்டப்படியான பாதுகாவலரும் அவரே. புகார்ப் பெட்டியின் சாவியும் அவரிடமே. கை அடிக்கிற கையாக மாறினால் போக வேறு கூரை இல்லை. கூரை வேண்டுமென்றால் கையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாடுகளில் ஆதரவோடு கூடிய வாழ்க்கை என்று எதைச் சொல்கிறார்களோ அதன் சாரம் இந்த இரண்டையும் பிரிப்பதுதான். வீடு அவனுடையது: வாடகை ஒப்பந்தம் அவன் பெயரில் அல்லது அவனுக்காகப் பாதுகாவலர் பெயரில். உதவிக்கு வரும் ஆள் வேறொரு அமைப்பிலிருந்து வருகிறார். அவர் சரியில்லை என்றால் அவரை மாற்றலாம், வீடு மாறாது. பணக்கணக்கு மூன்றாவது ஆளிடம். இவர்களையெல்லாம் வந்து பார்ப்பது நான்காவது ஆள். சுவீடன் 1994ல் இதற்கெனத் தனிச் சட்டமே கொண்டுவந்து, அந்தப் பத்தாண்டுக்குள் பெரிய விடுதிகளை மூடியது.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ல" என்று சொல்வதற்கு முன் சென்னையைப் பாருங்கள். 1993ல் தொடங்கிய பான்யன் அமைப்பு, 2015 முதல் 'ஹோம் எகெய்ன்' என்ற திட்டத்தில், பல வருஷம் மனநல விடுதிகளில் கிடந்தவர்களை நாலைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீட்டில் குடிவைத்தது. கூட உதவிக்கு ஒரு ஆள். அவர்களே காய்கறி வாங்குகிறார்கள், சமைக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போடுகிறார்கள். சண்டை போடுவதைச் சும்மா சொல்லவில்லை. சண்டை போட அக்கம்பக்கம் இருப்பதும் வாழ்க்கைத் தரத்தில் சேர்த்திதான். உலக சுகாதார நிறுவனம் 2021ல் வெளியிட்ட வழிகாட்டியில் இது முன்மாதிரிகளில் ஒன்றாக இடம்பெற்றது. அது மனநோயிலிருந்து மீண்டவர்களுக்கானது, அறிவுசார் குறைபாட்டுக்கு உதவியாளர் நேரம் இன்னும் கூடுதலாக வேண்டியிருக்கும். ஆனால் தெரு அதே தெருதான்.

வேலூருக்கே இதில் முன்னனுபவம் உண்டு. தொழுநோய் குணமானவர்களை ஊருக்குள் சேர்க்காத காலத்தில், 1963ல் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கம் காட்பாடியில் அவர்களுக்கு ஒரு தொழிற்கூடம் தொடங்கியது. இன்றைய 'வொர்த் டிரஸ்ட்' அதுதான். விரல் மடங்கிய கைகள் அங்கே இயந்திர பாகங்கள் செய்தன. "இவங்களால இன்னா முடியும்" என்று கேட்ட ஊர் நம்முடையது. அதற்குப் பதிலும் இந்த ஊரிலேயே கிடைத்தது.

ஆய்வு, தரம், சோதனை என்றால் இந்தத் தோல் பட்டைக்குப் புதிதா என்ன? தோல் ஷாப்பில் ஒரு தோலை விரித்து, எத்தனை ஓட்டை, எங்கே கீறல், எங்கே உண்ணி கடித்த தழும்பு என்று பார்த்துத் தரம் பிரிப்பதற்கென்றே ஆள் உண்டு. லெதர் ஒர்க்கிங் குரூப் வந்து தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று டேனரிக்கு மதிப்பெண் போடுகிறது. ஐரோப்பிய பையர் அனுப்பும் ஆடிட்டர் ஷூ கம்பெனியில் எத்தனை கக்கூஸ், தீயணைப்புக் கருவியின் தேதி என்ன, அவசரக் கதவு திறக்கிறதா என்று எண்ணிப் பார்க்கிறார். ஆட்டுத்தோலுக்குக் கிடைக்கும் இந்த மரியாதை மனிதர் தூங்கும் அறைக்குக் கிடைத்தால் போதும் என்றுகூட எனக்குச் சில சமயம் தோன்றும். ஆனால் ஆடிட்டின் மறுபக்கமும் இந்த ஊருக்குத் தெரியும். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரும் ஆடிட்டுக்கு முந்தின நாளே கையுறையும் முகமூடியும் வெளியே வரும். 1996ல் வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு போட்ட வழக்கில் உச்சநீதிமன்றம் அவ்வளவு பெரிய தீர்ப்புக் கொடுத்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், அனுமதிகள், வாரியச் சான்றுகள் எல்லாம் இருந்தன. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் அப்படியொரு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றுக்குள் செத்தார்கள். ஆகவே, சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வு எனக்கு வேண்டாம். சொல்லாமல், ராத்திரி எட்டு மணிக்கு வரும் ஆய்வு வேண்டும். வருகிறவர்களில் ஒருவர் பெற்றோராக இருக்க வேண்டும், ஒருவர் அறிவுசார் குறைபாடு உள்ளவராக இருக்க வேண்டும். எந்தக் கதவு எப்போதும் பூட்டியிருக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமையைச் சொல்கிறது. இருபத்து நான்காம் பிரிவு பராமரிப்பாளர் படியைப் பற்றிப் பேசுகிறது. ஒன்பதாம் அத்தியாயம் இல்லங்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்குகிறது. மனநோய்க்கு 2017ல் தனிச் சட்டமும் மறுஆய்வு வாரியங்களும் வந்தன, ஆனால் அந்தச் சட்டத்தின் வரையறை அறிவுசார் குறைபாட்டைத் தெளிவாக விலக்கி வைத்திருக்கிறது. நமக்கு இருப்பது 1999ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டம். அதன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழு ஒன்று உண்டு. பதினெட்டு வயதுக்கு மேல் பாதுகாவலரை நியமிப்பது அந்தக் குழுதான். நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் சொத்து விவரம் கொடுக்க வேண்டும், வருஷா வருஷம் கணக்குக் கொடுக்க வேண்டும். எழுதியிருப்பது இவ்வளவு அழகு. இந்தக் குழு என்று ஒன்று இருப்பதே ஆம்பூரில் தையல் ஊசியோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குத் தெரியாது. திட்டங்களின் பெயர்களையாவது அவர் வாயில் நுழைகிற மாதிரி வைத்தார்களா? நிரமயா, சமர்த், கரௌண்டா. கரௌண்டா என்றால் ஆயுள் முழுக்கத் தங்கும் வீடாம்.

பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு வருகிறேன். அது நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது. நான்கு பேர் ஒரு வீட்டில். இருபத்து நான்கு மணி நேரமும் ஒருவர் துணை என்றால் மூன்று ஷிஃப்ட், வார விடுப்புக்கு ஒருவர், ஆக நான்கு ஊழியர்கள். ஆளுக்கு 15,000 சம்பளம் வைத்தால் 60,000. வாடகை 10,000, சாப்பாடு, மருந்து, கரண்ட் எல்லாம் 20,000. மொத்தம் 90,000, தலைக்கு 22,500. அரசு கொடுப்பது 2,000. எல்லோருக்கும் முழுநேரத் துணை வேண்டியிருக்காது. காலையும் மாலையும் வந்து போக இரண்டு பேர் போதும் என்ற வீடுகளில் இது தலைக்கு 15,000க்கு இறங்கும். இது என் உத்தேசக் கணக்கு, வேறொருவர் கூட்டிக் குறைக்கலாம். அதிகம்தான். ஆனால் இந்தச் செலவு இன்றைக்கு இல்லாமல் போய்விடவில்லை. மூன்று ஷிஃப்டையும் ஒருத்தியே, சம்பளமில்லாமல், வார விடுப்பில்லாமல் முப்பத்தைந்து வருஷமாகப் பார்க்கிறாள். அவள் ஏறாமல் விட்ட கம்பெனி பஸ்ஸின் சம்பளத்தையும் பி.எஃப்.பையும் கூட்டினால் அது யார் போட்ட மானியம் என்று தெரியும்.

பெற்றோரிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. "தங்கச்சி பாத்துக்குவா" என்று வீட்டுக்குள்ளேயே தீர்த்துவிடாதீர்கள். தங்கச்சியைக் கேட்டீர்களா? அவளைக் கட்டிக்கொடுக்கும்போது மாப்பிள்ளை வீட்டில் இதைச் சொன்னீர்களா, மறைத்தீர்களா? இன்னொன்று, அம்மா செத்த வாரத்திலேயே புது இடத்துக்கு மாற்றப்படுகிற மனிதனுக்கு, அம்மாவும் போய், வீடும் போய், தெருமுனை டீக்கடைக்காரர் முகமும் போய், எல்லாம் ஒரே நாளில் போகிறது. ஏன் என்று அவனுக்குச் சொல்ல ஆளில்லை. அவன் இடம்மாற வேண்டுமென்றால் அது அம்மா உயிரோடிருக்கும்போதே நடக்க வேண்டும். அதே ஊரில், முதலில் மாதத்துக்கு இரண்டு ராத்திரி, பிறகு வாரத்துக்கு மூன்று. அம்மா போய்ப் பார்த்து, "சாம்பார்ல உப்பு இல்ல" என்று அவர்களோடு சண்டை போட்டு வரும் நிலையில் இருக்கும்போதே. மேற்பார்வைக்கு அவளை விடக் கறாரான ஆள் கிடைக்கப் போவதில்லை.

2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. மூன்று கலெக்டர் ஆபீஸ்கள் இருக்கின்றன. 2,000 ரூபாய் வாங்குகிறவர்களின் பெயர், விலாசம், வயது, வங்கிக் கணக்கு எல்லாம் அங்கே ஏற்கனவே கம்ப்யூட்டரில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் ஒரே ஒரு காலம் கூட்டச் சொல்லுங்கள்: பார்த்துக்கொள்பவரின் வயது. வந்ததும் வயது வாரியாக அடுக்கி, எழுபதைத் தாண்டியவர்களின் வீட்டுக்கு இந்த மாதமே ஒரு ஆளை அனுப்பலாம். அவர் மகனிடம் முதலில் பேசிவிட்டு, பிறகு அம்மாவிடம் பேசட்டும்.